பாவும் பாம்பும்

ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சாப்பாட்டில் ருசி உள்ளவரானால் அரிசி ஞாபகம் வரும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் காத்திருந்தால் பட்டுச் சேலை ஞாபகம் வரும். இரண்டும் நியாயந்தான். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் இந்த இரண்டையும் நம்பித்தான் காலட்சேபம் செய்கிறது. ஆனால் இப்போது நான் சொல்ல வந்தது அரிசியைப் பற்றி அல்ல. சேலையைப் பற்றி மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஒரு பாம்பைப் பற்றி.

பயப்படாதீர்கள், இது கடிக்காது! பைதான் என்று பெயர். அகராதியைப் புரட்டினால் மலைப்பாம்பு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் இந்தப் பைதான் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுவதற்கான ஒரு பாஷை. கீடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர் 1991-ல் இதை வெளியிட்டார். பெயர் வைத்தபோது அவர் மனத்தில் பாம்பே இல்லை. பி.பி.சி. டெலிவிஷனில் வந்த 'மான்ட்டி பைதான்' என்ற விகடக் கூட்டத்தாரின் பெயரைத்தான் வைத்தார். பிறகு வந்தவர்கள் பாம்புப் படம் போட்டு அதைப் பாம்பாகவே ஆக்கிவிட்டார்கள். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இல்லாமல் போவது நம் ஊரிலும் உண்டல்லவா?

"சரி ஐயா, பட்டுத் தறிக்கும் இந்தப் பைதானுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு முதலில் என் சித்தப்பாவின் கணக்கு நோட்டை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

சித்தப்பா ஒரு காலத்தில் தாமே குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். இப்போது சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கங்களில் 28 தறிகளுக்குப் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்கிறார். எங்கள் கணக்கில் ஒரு பாவுக்கு மூன்று சேலை. பட்டை நிறுத்துக் கொடுப்பார். சேலை வந்ததும் அதையும் நிறுத்து வாங்குவார். கழிவுக்கு என்று கொஞ்சம் தள்ளிவிட்டு, அதற்கு மேலும் எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். இவ்வளவும் நீளவாக்கில் தைத்த ஒரு நோட்டில் இருக்கும். வரவு கறுப்பு மை. பிடித்தம் சிவப்பு மை.

இந்தச் சிவப்பு மை இருக்கிறதே, அதில்தான் சங்கடம். ஒரு சேலைக்கு 30 கிராம், 40 கிராம் குறைகிறது என்றால் பணக்கணக்கில் அது பெரிய தொகை இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நெய்கிறவர் வீட்டில் அதுதான் அந்த வாரத்து மளிகை. பணம் போவதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. எடை குறைந்தது என்றால், பட்டை எடுத்து வெளியே விற்றுவிட்டார் என்று சொல்லாமல் சொல்வதாக அர்த்தம். ஒண்ணுபுரத்து அக்கா ஒருவர் என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "தம்பி, காசு போனாக்கூடப் போவட்டும். எம் பேருக்கு நேரா செவப்பு மையில போடறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. அந்த நோட்டு எங்கிட்டயா இருக்குது, நான் திருப்பிப் பாக்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கணக்கு இரண்டு பேருடையது. நோட்டு மட்டும் ஒருவருடையது!

சித்தப்பாவும் சும்மா இருந்தவர் அல்ல. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனியிடம் பணம் கட்டிக் கணக்கு மென்பொருள் ஒன்று வாங்கினார். கம்பெனியின் பெயர் எதற்கு? இப்போது அது இல்லை. அதுதான் கதையே. எங்கள் கணக்கு முழுவதும் அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு நாள் பொத்தானை அழுத்தினால் வெள்ளைப் பக்கம் வந்தது. டெலிபோன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷக் கணக்கு காற்றோடு போயிற்று. சித்தப்பா மறுபடி நோட்டுக்கும் சிவப்பு மைக்கும் திரும்பிவிட்டார்.

நான் சென்னையில் இணையதளங்கள் எழுதிப் பிழைக்கிறவன். ஊருக்கு வந்திருந்த சமயம் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீயே ஒண்ணு எழுதிக் குடுடா. கணக்கு நம்மகிட்டயே இருக்கணும். நெய்யறவங்க அவங்கவங்க பக்கத்தை செல்போன்ல பார்க்கணும், அடுத்தவங்க பக்கத்தைப் பார்க்கக்கூடாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ இல்லாதப்ப அது நின்னுபோவக்கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தக் கடைசி நிபந்தனையின் கனம் அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓர் இணையதளத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒண்ணுபுரத்து அக்கா செல்போனில் தன் பக்கத்தைத் தொடுகிறார். அந்தக் கோரிக்கையை வாசலில் வாங்கிக்கொள்ள ஒரு வாசற்காரன் வேண்டும். வந்தவர் யார், எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்று பார்த்துச் சரியான அறைக்கு அனுப்ப ஒருவர் வேண்டும். உள்ளே பெட்டகத்தைத் திறந்து கணக்கை எடுத்துத் தர ஒருவர் வேண்டும். எடுத்ததைக் கண்ணுக்கு லட்சணமாகப் பக்கத்தில் அடுக்கித் தர இன்னொருவர். இப்படி நாலைந்து பேர். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தனி மென்பொருள்.

தறியும் அப்படித்தானே? அச்சு ஒருவர் கட்டுகிறார். விழுது ஒருவர் கட்டுகிறார். நாடா ஒரு கடையில், தார்க்குச்சி வேறு கடையில். தலைக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி இன்னொருவர் வேலை. அதில் ஓடும் அட்டைக்குத் துளை போடுகிறவர் இன்னொருவர். (அந்தப் பெட்டியைக் கேலியாகப் பார்க்காதீர்கள். பிரான்சு தேசத்து லியான் நகரில் 1804-ல் ஜக்கார்டு என்பவர் அமைத்தது அது. அதன் துளை அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தம் கணக்கு யந்திரத்துக்கும் அட்டை வைக்க யோசனை செய்தார். ஆகவே கம்ப்யூட்டர் எங்கள் தறிக்குப் பங்காளி முறை!) முழுத் தறியையும் ஒரே ஆள் செய்து விற்பதை நான் பார்த்ததில்லை.

பைதான் உலகத்தில் இப்படிப்பட்ட உறுப்புகளுக்கென்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. பை-பி-ஐ என்று பெயர். அங்கே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சரக்குகள் இனாமாகக் கிடைக்கின்றன. அதற்கு ஒரு காலத்தில் 'பாலாடைக் கட்டிக் கடை' என்று செல்லப் பெயர் இருந்தது. மான்ட்டி பைதான் நாடகம் ஒன்றில் பாலாடைக் கட்டிக் கடைக்கு ஒருவர் போகிறார். எதைக் கேட்டாலும் "இல்லை" என்று பதில் வருகிறது! நம் கடையில் கதை நேர் எதிர். எதைக் கேட்டாலும் பத்து தினுசு எடுத்துப் போடுகிறார்கள். கல்யாணப் புடவை எடுக்கப் போன பெண் வீட்டாரைப் போல முழிக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கும் என் தங்கைக்கும், அதாவது சித்தப்பா மகளுக்கும், யுத்தம் மூண்டது. அவள் வேலூரில் என்ஜினீயரிங் படிக்கிறாள். லீவு நாளில் தறியிலும் உட்காருவாள். கையும் வேகம், வாயும் வேகம்.

நான் ஜாங்கோ கட்சி. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து லாரன்ஸ் என்ற சின்ன ஊரின் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது ஜாங்கோ. ஏட்ரியன் ஹொலவாட்டி, ஸைமன் வில்லிஸன் என்ற இருவர் 2003-ல் அதை ஆரம்பித்தார்கள். 2005 ஜூலையில் உலகத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் வித்துவானுடையது. பத்திரிகை ஆபீஸ் என்றால் தெரியுமே, "இன்று மாலைக்குள் வேண்டும்" என்பார்கள். ஆகையால் வழிகாட்டி, பெட்டகக்காரர், பக்கம் அடுக்குகிறவர், பூட்டுச் சாவி, காரியதரிசி எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக உள்ளேயே வைத்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வரவு வைக்க ஒரு நிர்வாகப் பக்கமும் தானாகவே கிடைக்கும். இன்ஸ்டாகிராம் இதன் மேல்தான் கட்டப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை பிளாஸ்க் கட்சி. இதன் பிறப்பு இன்னும் வேடிக்கை. ஆஸ்திரியாக்காரரான ஆர்மின் ரோனாகர் 2010 ஏப்ரல் முதல் தேதியன்று முட்டாள் தினக் கேலிக்காக ஒரு போலிச் சரக்கை வெளியிட்டார். தாம் முன்னமே எழுதியிருந்த இரண்டு உறுப்புகளை ஒரே கோப்பில் அடைத்து, 'புதுக் கண்டுபிடிப்பு' என்று தமுக்கடித்தார். ஜனங்கள் அதை நிஜம் என்று நம்பி ஆவலாகக் கேட்டார்கள்! கேலியை நிஜமாக்கினால் என்ன என்று தோன்றியது, பிளாஸ்க் பிறந்தது. அந்த இரண்டு உறுப்பில் ஒன்றின் பெயர் ஜிஞ்சா. ஜப்பானிய பாஷையில் கோயில் என்று அர்த்தம். பக்கத்தை அடுக்கித் தருவது அதன் கைங்கரியம்.

பிளாஸ்க்கில் வழிகாட்டியும் பக்கம் அடுக்குகிறவரும்தான் உண்டு. மற்றவரை நாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "அதுதானே அழகு!" என்றாள் தங்கை. "பெட்டகத்துக்கு எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி. அதைவிட நல்லது உலகத்திலேயே கிடையாது அண்ணா. லாகினுக்கு ஒண்ணு, பாரத்துக்கு ஒண்ணு, நிர்வாகப் பக்கத்துக்கு ஒண்ணு. வேண்டியதை மட்டும் எடுத்துக்கலாம். உன் ஜாங்கோ வேண்டாததையும் தலையில கட்டும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. மைக் பேயர் 2006-ல் வெளியிட்ட அந்த எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி பிரமாதமான வேலைப்பாடு என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ரசவாதம் என்று பொருள்படப் பெயர் வைத்ததும் தகும்.

ஒன்று கேட்கத் தோன்றுமே உங்களுக்கு? யாரோ ஒருவர் ஆஸ்திரியாவில் செய்த உறுப்பும், வேறு ஒருவர் அமெரிக்காவில் செய்த உறுப்பும் முள்ளிப்பட்டில் வந்து எப்படி ஒன்றோடொன்று பொருந்தும்? இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சரியாகப் பொருந்தவில்லை என்பதே உண்மை. இந்த வழிகாட்டியை எடுத்தால் இந்த வாசற்காரனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. சம்பந்தி வீட்டார் சமையற்காரனையும் கூடவே அனுப்புகிற மாதிரி!

2003 டிசம்பரில் பிலிப் ஈபி என்பவர் ஓர் உடன்படிக்கை எழுதினார். பெப் 333 என்று அதற்கு எண். டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்று பெயர். இதை எப்படி உச்சரிப்பார்கள் தெரியுமா? 'விஸ்கி' என்று! குடும்பப் பத்திரிகையில் இந்த வார்த்தையை எழுத நேர்ந்ததற்கு நான் பொறுப்பல்ல. உடன்படிக்கை மிகவும் எளியது. வாசற்காரன் உள்ளே ஒரு சீட்டைக் கொடுப்பான். வந்தவர் யார், எந்தப் பக்கம் கேட்டார் முதலான விவரமெல்லாம் சீட்டில் இருக்கும். கூடவே ஒரு மணியையும் கொடுப்பான். உள்ளே இருப்பவர் மணியை அடித்து 'கிடைத்தது' அல்லது 'இல்லை' என்று நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் பதிலைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். வாசற்காரன் யாராயிருந்தால் என்ன, உள்ளே இருப்பவர் யாராயிருந்தால் என்ன? சீட்டும் மணியும் ஒன்றாயிருந்தால் போதும். பைதானின் மூன்றாம் பதிப்புக்கு ஏற்றபடி 2010-ல் அதைத் திருத்தி, 3333 என்று எண் கொடுத்தார்கள்.

கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? உடல் ஒரு நிறம், கரை நேர் மாறான நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் கூட உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். அந்தக் கொக்கி ஒழுங்காக விழுந்தால் சேலை பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும். உடலும் நயம், கரையும் நயம், கொக்கி மட்டும் தவறிற்று என்றால் இரண்டாம் கட்டிலேயே கரை தனியாகக் கையோடு வந்துவிடும். பிலிப் ஈபி எழுதியது அந்தக் கொக்கியைத்தான். அவருக்கு ஆரணியைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் கொக்கி நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் தங்கையிடம் நான் டர்போகியர்ஸ் கதையைச் சொன்னேன். 2005-ல் கெவின் டாங்கூர் என்பவர் அப்போது கிடைத்த உறுப்புகளில் மிக நல்லவையாகப் பொறுக்கி ஒரு தறி கட்டினார். வழிகாட்டியாக செர்ரிபை, பெட்டகத்துக்கு எஸ்.க்யூ.எல்.ஆப்ஜெக்ட், பக்கம் அடுக்கக் கிட், அலங்காரத்துக்கு மோச்சிகிட். எல்லாரும் மெச்சினார்கள். 2009-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது என்ன ஆயிற்று? செர்ரிபை இருந்த இடத்தில் பைலான்ஸ், எஸ்.க்யூ.எல்.ஆப்ஜெக்ட் இருந்த இடத்தில் எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி, கிட் இருந்த இடத்தில் கென்ஷி. பெயர்ப்பலகை ஒன்றுதான் பழையது! பிறகு அந்த பைலான்ஸும் 2010-ல் வேறொன்றோடு கலந்து பிரமிட் என்று ஆகிவிட்டது. உறுப்புகள் கெட்டவை என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எஜமானன். ஒவ்வோர் எஜமானனுக்கும் ஒரு மனசு, ஒரு உத்தியோகம், ஒரு குடும்பம். நாம் ஐந்து உறுப்பை எடுக்கிறோம் என்றால் ஐந்து பேருடைய ஜாதகத்தையும் சேர்த்து எடுக்கிறோம்.

"ஜாங்கோவுக்கும் ஒரு ஜாதகம்தானே?" என்றாள் தங்கை. கெட்டிக்காரி!

இத்தனையையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா வாயைத் திறந்தார். "ஏம்மா, உன்னோடதுல எத்தனை பேரு?" என்றார்.

தங்கை விரல் விட்டு எண்ணினாள். "ஆறு."

"அதுல ஒருத்தர் கைவிட்டுட்டா, எது போச்சுன்னு கண்டுபிடிக்க யாரு?"

"நான்தான்."

"நீ கல்யாணமாகிப் போயிட்டா?"

தங்கைக்கு வந்த கோபத்தை இங்கே எழுதப் போவதில்லை. சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "உன்னோடதை இந்த ஊர்ல வேற யாருக்காச்சும் தெரியுமாடா? விழுது அறுந்தா முடிச்சுப் போட ஆரணியிலேயே நாலு பேர் இருக்காங்க. அதனாலதான் இந்தத் தறியை வெச்சிருக்கேன். இதைவிட நல்ல தறி இல்லாமலா போயிடும்?"

நான் வருஷக்கணக்காக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எது வேகம், எது அழகு, எது புதுசு என்று எத்தனையோ விவாதம் கேட்டிருக்கிறேன். நாளைக்கு முடிச்சுப் போடப் போகிறவர் யார் என்ற கேள்வியை இவ்வளவு பச்சையாக ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் சந்தையில் பாதிச் சரக்கு தானாகவே கழிந்துவிடுகிறது.

ஆகவே கணக்குக்கு ஜாங்கோ என்று தீர்மானமாயிற்று. அது ஒசத்தி என்பதற்காக அல்ல. பூட்டுச் சாவியும் நிர்வாகப் பக்கமும் ஒரே வீட்டில் இருப்பதால், புதிதாக ஒருவர் வந்தாலும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வேலையில் இறங்கலாம். நீண்ட காலப் பதிப்பு என்று சிலவற்றை அவர்களே குறிப்பிட்டு, மூன்று வருஷம் வரை ஓட்டை அடைத்துத் தருகிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது, 2028 ஏப்ரல் வரை கவலையில்லை.

பெட்டகத்துக்கு எஸ்.க்யூ.லைட். ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000-ல் வெளியிட்டது. காப்புரிமைகூட வேண்டாம் என்று பொதுச் சொத்தாக விட்டுவிட்ட தர்மவான்! முழுக் கணக்கும் ஒரே ஒரு கோப்பு. சித்தப்பா அதை வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு சின்னக் குச்சியில் நகல் எடுத்து பீரோவில் சாமி நகைகளோடு வைத்துப் பூட்டுகிறார். ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் எழுதுகிற இடத்துக்கு இது உதவாது. 28 தறிக்கு இதுவே யானைப் பலம். வேண்டுமானால் பிற்பாடு பெரிய பெட்டகத்துக்கு மாற்றிக்கொள்ள ஜாங்கோ இடம் கொடுக்கிறது.

தங்கையின் பிளாஸ்க் தோற்றதென்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. எடைத் தராசு ஒன்று புதிதாக வாங்கினோம். அதன் முதுகில் ஒரு கம்பி நுழைகிற துவாரம் இருக்கிறது. அந்த வழியாக எடையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பைசீரியல் என்ற சின்ன உறுப்பு அதைக் கேட்டுக்கொள்ளும். அதோடு பிளாஸ்க்கைச் சேர்த்து, எடை போடும் அறையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் தங்கை ஒரு சிறு புரோகிராம் எழுதினாள். பட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் எடையும் தேதியும் நேரமும் நேரே கணக்குக்குப் போய்விடும். நடுவில் பேனா கிடையாது. கரண்டு போனாலும் இன்டர்நெட் போனாலும் தன்னிடமே குறித்து வைத்திருந்து பிறகு அனுப்பும். இந்தச் சின்ன வேலைக்கு ஜாங்கோவைக் கட்டி இழுத்திருந்தால் கைக்குட்டை நெய்ய ஜக்கார்டு பெட்டி ஏற்றின கதையாயிருக்கும்.

இன்னோர் உறுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழுக்குத் துரோகம். நெய்கிறவர்களின் பெயர்களை அகர வரிசையில் போடச் சொன்னோம். கம்ப்யூட்டர் 'சகுந்தலா'வை முதலிலும் 'சக்தி'யைப் பின்னாலும் போட்டது. நம் அகராதி முறையில் புள்ளி வைத்த எழுத்து முன்னால் வர வேண்டும் அல்லவா? யூனிகோட் எண் வரிசையில் புள்ளிதான் கடைசி. 'கோர்வை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைதானைக் கேளுங்கள்; ஆறு என்று அடித்துச் சொல்லும். கோ, ர், வை என்று மூன்றுதான் என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். எழுத்தோடு சேரும் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. இதற்கென்றே 'ஓப்பன்-தமிழ்' என்று ஓர் உறுப்பு இருக்கிறது. பைதானிலேயே 'எழில்' என்ற தமிழ்க் கணினி மொழியைச் செய்த முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உழைத்துச் செய்தது. எழுத்தைச் சரியாக எண்ணும். வரிசையைச் சரியாக வைக்கும். அதைச் சேர்த்த பிறகு 'சக்தி'க்கு உரிய ஸ்தானம் கிடைத்தது. சந்தையின் ஐந்து லட்சத்தில் நமக்கென்று ஒருவர் செய்து வைத்தது ஒன்று கிடைத்தால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது தனி.

எடுத்த உறுப்புகளின் பதிப்பு எண்களை ஒரு சீட்டில் அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு நியமம். சித்தப்பாவுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. "ஒரே சாயத்துல முக்கின பட்டு தீர்ந்துபோயி, அதே அரக்குன்னு வேற சாயத்துல வாங்கினா உடம்புல பட்டை அடிக்குமே, அதானே?" என்றார். அதேதான்!

வேலை முடிந்து நெய்கிறவர்கள் கையில் செல்போன் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஒரு வருஷம் ஓடிற்று. அப்புறம் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

ஒண்ணுபுரத்து அக்காவின் மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். அம்மாவின் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறான், "ஏம்மா, ஐப்பசி கார்த்திகையில வாங்கின பட்டுக்கு மட்டும் எடை குறையுது?" என்று. அக்கா அதை என் தங்கையிடம் கேட்டார். தங்கை 28 தறிக்கும் சேர்த்து வரிசைப்படுத்திப் பார்த்தாள். நிஜந்தான்! மழைக் காலத்தில் நிறுத்துக் கொடுத்து வெயில் காலத்தில் திரும்பி வந்த சேலைகளில்தான் குறைவு அதிகம். வெயிலில் கொடுத்து மழையில் வந்தவற்றில் சில சேலைகள் வர வேண்டியதற்கு மேலேயே நிறுத்திருந்தன. அதை யாரும் கறுப்பு மையிலோ பச்சை மையிலோ குறித்ததில்லை!

பட்டு ஈரத்தைக் குடிக்கும். இது நெய்கிறவர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. உலர்ந்த எடைக்கு நூற்றுக்குப் 11 பங்கு ஈரம் என்று பட்டு வியாபாரத்தில் சர்வதேச வழக்கமே வைத்திருக்கிறார்கள். அடை மழையில் அதற்கு மேல் ஏறும். சித்திரை வெயிலில் கீழே இறங்கும். அரைக் கிலோ பட்டில் 20 கிராம், 30 கிராம் இப்படியே வந்து போகும். விஷயம் புதிதல்ல. யார் பெயருக்கு நேரே அது சிவப்பு மையாக விழுகிறது என்பதை மட்டும் இத்தனை நாள் யாரும் வரிசையாகப் பார்க்கவில்லை. நோட்டில் தேதி இருந்தது, எடையும் இருந்தது. ஆனால் நோட்டைப் புரட்டியவர் ஒருவர்தான்.

சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பழைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஒண்ணுபுரத்துக்குப் போனார். கூலியில் பிடித்ததைக் கணக்குப் பார்த்து, ஞாயமாகத் தோன்றிய மட்டும் திருப்பிக் கொடுத்தார். அக்கா பணத்தை எண்ணவில்லையாம். "நோட்டுல அடிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். சித்தப்பா அங்கேயே பேனாவை எடுத்துச் சிவப்பு மையின் மேல் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு எடை போடும் அறையில் ஓர் ஈரமானி மாட்டினோம். தங்கை பிளாஸ்க் புரோகிராமில் ஒன்பது வரி சேர்த்தாள். எடையோடு காற்றின் ஈரமும் இனிமேல் போகும். ஜாங்கோ பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டேன். அந்த ஒரு சேர்மானத்தைத் தவிர மற்ற எந்த உறுப்பையும் தொட வேண்டியிருக்கவில்லை. சேவூரிலிருந்து ஒரு பையன் வாரம் இரண்டு நாள் வந்து தங்கையிடம் இதையெல்லாம் கற்றுக்கொள்கிறான். சித்தப்பாவின் ஏற்பாடு. முடிச்சுப் போட இன்னும் மூன்று பேர் தேவையாம்.